முந்தானையில் நாலு குமிழ்

ஏப்ரல் 11, 1956. புதன். சிவகாசி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிரஸ்ஸிலிருந்து லேபிள் தாள் கட்டுகள் வந்து இறங்கின. தீப்பெட்டி மேல் ஒட்டுகிற புலி லேபிள். கலர் தள்ளி விழுந்த தாளைப் பொறுக்கி ஒதுக்குவது வீட்டுப் பெண்கள் வேலை. இந்த வீட்டில் பெண்கள் என்றால் அத்தையும் நானும்தான்.

நாலு மணி ஆனதும் அத்தை தாளைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். "போடுடி, நாலாச்சு" என்றாள். போட்டேன். ரேடியோவின் பச்சைக் கண் மெல்ல விழித்தது. முன்பக்கம் நாலு குமிழ். மூன்றை யார் வேண்டுமானாலும் திருகலாம். கடைசிக் குமிழ்தான் ஸ்டேஷன் பிடிப்பது. சிலோன் வேண்டுமென்றால் அதை மயிரிழை நகர்த்த வேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் எண்ணெயில் மோர் மிளகாய் பொரிகிற இரைச்சல்தான். அது என் விரலுக்குத்தான் வசப்படுகிறது. பெருமைக்கு எழுதவில்லை, அத்தையே சொல்வாள்.

திருச்சியைப் போட்டால் கச்சேரி, விவசாயம், செய்தி. சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் கடலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அத்தைக்குப் பாட்டைவிட அங்கே அறிவிக்கிற ஆள்தான் முக்கியம். "அந்தத் தம்பி வணக்கம் சொல்றது எனக்கே சொல்ற மாதிரி இருக்குடி. இந்த வீட்ல யாரு என்கிட்ட அப்படிப் பேசுறா?" என்பாள்.

வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்தார். வந்ததும் முள்ளைத் திருச்சிக்குத் திருப்பிவிட்டுச் செய்தி கேட்டார். பெயர் தனுஷ்கோடி. அங்கே போய்க் கப்பல் ஏறினால் அந்தாண்டை சிலோன். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்த டைரிகூட அவர் பிரஸ்ஸில் அடித்ததுதான். நல்ல தாள்.

ஏப்ரல் 14, சனி

நேற்று வருஷப் பிறப்பு, பாயசம். இன்று பூகம்பம்.

சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஒரு லோடு லேபிளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. புலியின் மஞ்சள் ஒரு பக்கம், கறுப்புக் கோடு ஒரு பக்கம். பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே தாள் பொறுக்கினால் புலி இப்படித்தான் வரும் என்றார். அந்தக் கட்டு வீட்டுக்கே வரவில்லை. மிஷினிலிருந்து நேரே லாரி ஏறியது. அவருக்கும் அது தெரியும். ஆனால் மிஷின்மேனைத் திட்டினால் அவன் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுவான். நான் எங்கே போவேன்?

இனிமேல் இந்த வீட்டில் திருச்சி மட்டும்தானாம். அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குத் தலைவலி வேறு வருகிறதாம்.

அந்த அம்மா, அதாவது அத்தை, அடுப்படியில்தான் இருந்தாள். காதில் விழாதது போலப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 16, திங்கள்

ஸ்டேஷன் குமிழைப் பிடுங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 18, புதன்

நாலு மணி. அத்தையும் நானும் ரேடியோவைப் பார்த்தோம். குமிழ் இருந்த இடத்தில் சின்ன இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகிப் பார்த்தேன், வழுக்கியது. பல்லால் கடித்துத் திருகலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

அத்தை வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். பாக்குவெட்டியை எடுத்தாள். பாக்கு வெட்டவில்லை. தரையோடு தரையாக என் பக்கம் தள்ளிவிட்டுத் தாளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

பாக்குவெட்டியால் தண்டைக் கவ்வி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். வந்துவிட்டது! கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல் கணீரென்று வணக்கம் சொன்னது. அத்தை வெற்றிலைச் சாற்றோடு சிரித்தாள். அவர் வருவதற்குள் முள்ளைத் திருச்சியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கல்லாப்பெட்டிக்குப் பூட்டுப் போடலாம். பாக்குவெட்டிக்கு எங்கே போடுவார்?

ஏப்ரல் 27, வெள்ளி

அடித்துவிட்டார்.

ஏதோ ஆர்டருக்கு மாதிரித் தாள் எடுக்க நாலு மணிக்குப் பிறகு வந்திருக்கிறார். பாட்டு ஞாபகத்தில் நான் கவனிக்கவில்லை. கூடத்தில் சிலோன் பாடிக்கொண்டிருந்தது, என் கையில் பாக்குவெட்டி. இது யார் கொடுத்தது என்று கேட்டார். இந்த வீட்டில் வெற்றிலை போடுகிற ஆள் ஒருத்திதான். அந்த ஒருத்தி தலையைத் தூக்கவில்லை. தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல தாள், கழிவுத் தாள் எல்லாம் ஒரே கட்டில் போய்க்கொண்டிருந்தது.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. "பாட்டுக் கேட்டேன், அதுக்கு என்ன இப்ப?" என்றேன். கன்னத்தில் விழுந்தது.

"இந்த வீட்ல நான் திருப்புறதுதான் திரும்பணும்" என்றார்.

வலிக்கவில்லை. இல்லை, வலித்தது. என் டைரியில் நான் ஏன் பொய் எழுத வேண்டும்? கல்யாணமான மூன்று வருஷத்தில் கோபமாகப் பேசியிருக்கிறார், கை நீட்டியதில்லை. எங்க அப்பாகூட என்னை அடிச்சதில்லை. அடிச்சதே இல்லை.

அப்புறம் கல்லாப்பெட்டியைத் திறந்து குமிழை எடுத்து மாட்டி, முள்ளைத் திருச்சிக்குத் திருப்பி, உட்கார்ந்து செய்தி கேட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி. அத்தை எனக்குச் சோறு போட்டு வைத்தாள். சாப்பிடவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அடித்தவரைவிட அவள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 28, சனி. விருதுநகர்

வந்துவிட்டேன்.

காலையில் அவர் பிரஸ்ஸுக்குக் கிளம்பியதும் ரேடியோவுக்கு முன்னால் போய் நின்றேன். என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த ரேடியோ. தூக்கிக்கொண்டு வரலாமென்றால் அம்மி மாதிரி கனம். குமிழ்களோ பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நாலையும் பிடுங்கினேன். முந்தானையில் முடிந்தேன். அத்தையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க முந்தியை அவிழ்த்தபோது ஒரு குமிழ் உருண்டு ஓடிவிட்டது. பஸ் முழுக்கக் குனிந்து தேடியது. கருவாட்டுக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். என்னது இது என்று கேட்டாள். "ரேடியோ" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எத்தனை நாளைக்கு வந்திருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். கன்னத்தைப் பார்த்ததும் கேட்டதை நிறுத்திவிட்டாள். பிறகு விளக்கெண்ணெய் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

மே 2, புதன்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "ரேடியோவுக்காகப் புருசனை விட்டுட்டு வந்தவ" என்று கடைத்தெருவில் பெயர் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு வத்தல் கமிஷன் கடை. ஊர் மிளகாய் வத்தலெல்லாம் வந்து குவிகிற தெருவில் பேச்சுக்கா பஞ்சம்? காரம் தானாக ஏறிக்கொள்ளும்.

அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. நான் முன்னால் இருக்கும்போதே அம்மாவிடம், "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்கிறார். நானும் அம்மாவிடம், "அப்பாவை முதலில் சாப்பிடச் சொல்லும்மா" என்கிறேன். அம்மா நடுவில் கரண்டியோடு நிற்கிறாள்.

இன்று அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். எல்லா வீட்டிலும் இருப்பதுதான், கல்லானாலும் கணவன் என்று. "கல்லுக்குக் கை கிடையாதும்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மே 13, ஞாயிறு

சங்கிலிமுத்து அண்ணாச்சி வந்தார். எங்கள் ஆட்களில் பெரிய மனிதர். கல்யாணப் பேச்சு, பாகப் பிரிவினை, சண்டை, சமாதானம் எல்லாம் அவர் வாயில்தான் முடியும். சிவகாசிக்காரர் அனுப்பியிருக்கிறார். என்னைக் கூட்டிப்போக இல்லை. குமிழ் கேட்டு!

குமிழை முதலில் கொடுத்தனுப்பு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார் அண்ணாச்சி. பெட்டியைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். வேறு குமிழ் வாங்கினால் ஆயிற்று, மதுரையில் கிடைக்காதா? அவர் வாங்க மாட்டார். பெண்டாட்டி பிடுங்கிப்போன குமிழுக்குக் கடையில் போய் நிற்க வெட்கம். குறடு போட்டுத் திருகுகிறாராம். சத்தத்தைக் கூட்டினால் தெருவே அதிர்கிறதாம், குறைத்தால் செத்துப்போகிறதாம். எப்படியோ திருச்சி வந்துவிடுகிறதாம். சிலோன் மட்டும் வரவே மாட்டேன் என்கிறதாம்.

சிலோன் வரவில்லை என்றால், அதைத் தேடிப் பார்த்தது யார்? அவருக்குத்தான் அது வேண்டாமே. அந்த வீட்டில் நாலு மணிக்குக் குறடு பிடித்தது யார் என்று எனக்குத் தெரியும். பிடிக்கட்டும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. முனையில் உள்ள காபி கிளப்பில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் வடகம் காய்கிறதா என்று பார்க்க நாலு மணிக்கு ஏறினால் பாட்டுத் தெளிவாகக் கேட்கும். வடகம் காய்ந்து இரண்டு நாள் ஆகிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 6, புதன்

என் தங்கை வெள்ளைத்தாய்க்கு அருப்புக்கோட்டையிலிருந்து இடம் வந்தது. நூல் வியாபாரம். பையன் லட்சணம், வெள்ளைத்தாய் கோயிலில் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். இன்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மூத்தவள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் பெண் எடுக்கப் பையனின் அம்மா யோசிக்கிறாளாம். அதைச் சரி பண்ணிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றாளாம்.

அப்பா சட்டையைக்கூட மாட்டாமல் கடைக்குப் போய்விட்டார். அம்மா அழுதாள். வெள்ளைத்தாய் அழவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு பாட்டுப் பெட்டிக்கு என் வாழ்க்கை போகணுமாக்கா?"

பாட்டுப் பெட்டிக்கு இல்லைடி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. என்னத்தைச் சொல்ல.

ஜூன் 7, வியாழன்

இன்று மாடிக்குப் போகவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

பேச்சுவார்த்தை முடிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். சங்கிலிமுத்து அண்ணாச்சியும் இன்னும் சில பெரியவர்களும் ஜமுக்காளத்தில். அவர் ஒரு மூலையில், வெள்ளைச் சட்டை, மெலிந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டுமாம். நிலைப்படியில் நின்றேன்.

அவர் தன் பக்கம் சொன்னார். வேலை கெட்டது, ஆர்டர் திரும்பியது, தெருவெல்லாம் கேலி, வயதான அம்மாவுக்குத் தலைவலி. தலைவலியை மூன்று தடவை சொன்னார். பாக்குவெட்டியைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். ஆடி முதல் வெள்ளியன்று இரண்டு குடும்பமும் இருக்கன்குடிக்குப் போக வேண்டும். மாரியம்மன் சன்னிதிக்கு முன்னால் சூடம் ஏற்றி, இனிமேல் சிலோன் ரேடியோ கேட்க மாட்டேன் என்று நான் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். குமிழ்களை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் புருஷனோடு பஸ் ஏற வேண்டும்.

அவர் கை நீட்டினாரே, அதற்கு எந்தச் சூடம் என்று கேட்டேன். "அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம் தாயி. நாங்க அதுல தலையிடலாமா?" என்றார் அண்ணாச்சி. ரேடியோ மட்டும் ஊர்ச் சமாச்சாரம் போலிருக்கிறது.

அவர் போகும்போது என் முந்தானை முடிச்சைப் பார்த்தார். நான் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

ஜூலை 9, திங்கள்

ஆளாளுக்கு ஒரே ஓதல். ஒப்புக்குச் சொல்லிவிட்டு வந்துவிடு, பிறகு கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள் அம்மா. அம்மனுக்குத் தெரியாதா என்றால், அம்மன் பெண்தானே, புரிந்துகொள்வாள் என்கிறாள்.

அப்பாவும் அதையேதான் சொன்னாராம், அம்மா மூலமாக. அப்பாவா? வத்தல் வியாபாரத்தில் துண்டை மேலே போட்டு, உள்ளே விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். கையெழுத்து, சாட்சி ஒன்றும் கிடையாது. விரல் சொன்ன விலையை மாற்றிய ஒரு வியாபாரியை அப்பா இன்றுவரை கடைப்படி ஏற விடுவதில்லை. அந்த அப்பா என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்கிறார். நான் துண்டுக்குள்ளே ஒன்று, வெளியே ஒன்று சொல்ல வேண்டுமாம்.

பொய்யாகச் சொல்ல முடியாது. மெய்யாகவே விட்டுவிட முடியுமா? முடிந்தால் அதைச் சொல்லலாம். யோசிக்கிறேன். ஒரு பாட்டுத்தானே, விட்டால் செத்தா போவேன்?

ஜூலை 19, வியாழன்

விட்டுவிடுகிறேன். மெய்யாகவே விட்டுவிடுகிறேன். வெள்ளைத்தாய்க்காக.

குமிழ்களைப் புளி போட்டு... இல்லை, புளி பித்தளைக்குத்தான். துணியால் துடைத்து வைத்தேன். வெள்ளைத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என்னைத் தொட்டாள்.

ஜூலை 20, வெள்ளி

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இருக்கன்குடியில் நல்ல கூட்டம். ஆற்று மணலில் வண்டிகளை அவிழ்த்துப் போட்டுப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, வெள்ளைத்தாய். அவர் பக்கம் அவரும் அத்தையும். அத்தையை அன்றைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். சாமியைப் பார்த்தபடி நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. நடுவில் சங்கிலிமுத்து அண்ணாச்சி.

ஒரு கல்லின் மேல் சூடத்தை வைத்து ஏற்றினார்கள். சொல்லு தாயி என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். கையை நீட்டினேன். சூடு உள்ளங்கையில் பட்டது. வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து நாலு மணி நினைவு வருகிறது! அந்தப் பச்சைக் கண், முள் சரியான இடத்தில் விழும்போது இரைச்சல் சட்டென்று அடங்கி ஆள் குரல் வருமே, அது. நாளைக்கு நாலு மணிக்கு நான் என்ன பண்ணுவேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நாளைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம். கேட்பேன். கட்டாயம் கேட்பேன்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. பண்ணினா மீறிருவேன். மீறப்போற வாயால ஆத்தா முன்னால பேச மாட்டேன்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைத்தாய் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தீர்களா இவள் திமிரை என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தினாரா? பெற்ற தாய்க்குத் தலைவலி என்றுகூட இவளுக்கு இரக்கம் இல்லை என்றார். அண்ணாச்சி நியாயஸ்தர் இல்லையா, உடனே அத்தையிடம் திரும்பி, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தலைவலி உண்டா இல்லையா என்று கேட்டார். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் வந்தாள்.

"எனக்கு ஒரு தலைவலியும் இல்ல. நாலு மணிக்கு வைடீன்னு சொன்னது நான். பாக்குவெட்டி கொடுத்தது நான். அவ என் பேரைச் சொல்லாம அடி வாங்குனா. நான் வாயில வெத்தலையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்ல மூடுன வாயை இங்கன மூட முடியாது."

சொல்லிவிட்டு, பட்டென்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "அம்மா" என்றார், அவ்வளவுதான். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தோளில் போட்டார், மறுபடியும் எடுத்துத் துடைத்தார். அத்தை என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டாள். மூன்று மாத ஆத்திரம், நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். "உங்க கையைக் காட்டுங்க அத்தை" என்றுதான் வந்தது. எங்கள் வண்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

குமிழ்களோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 21, சனி

வெள்ளைத்தாய் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் செய்தது சரிதான். சரிதானா? சரிதான். ஆனால் அவள் சாப்பிட்டால் தேவலை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

இப்படியும் நடக்குமா!

அருப்புக்கோட்டைப் பையனின் அம்மா நேரில் வந்தாள், தரகர்கூட இல்லாமல். கட்டைக் குரல், கழுத்தில் கனத்த சங்கிலி, வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ரேடியோக்காரி யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன்.

இருக்கன்குடியில் நடந்தது அருப்புக்கோட்டை வரைக்கும் போயிருக்கிறது. ஊரே உன்னைத் திமிர் பிடித்தவள் என்கிறது என்றாள். இருக்கட்டும் என்றேன். "இருக்கட்டும். ஆனா கடன் சொல்லி நூல் வாங்கிட்டுப் போயி, வாங்கவே இல்லைன்னு சூடம் அணைச்சவன் எத்தனை பேரை நான் பாத்திருக்கேன். ஒரு சொல்லு சொல்லிட்டா வாழ்க்கை கிடைக்கும்னு தெரிஞ்சும் சொல்லாத பொண்ணை இப்பத்தான் பாக்கேன். இந்த வீட்ல பொண்ணு எடுத்தா கல்லாச் சாவியைக் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்" என்றாள். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று அவளே சொல்லிவிட்டுப் பூ வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, நேராக என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார்.

வெள்ளைத்தாய் அடுப்படியில் வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தக் கழுதை கேட்காது. "அப்பாட்ட சொல்லி எனக்கும் ஒரு ரேடியோ சீரா வாங்கித் தாக்கா" என்றாள்.

செப்டம்பர் 3, திங்கள்

அவர் வந்தார். வீட்டுக்கு வரத் தைரியம் இல்லாமல் அப்பா கடைக்கு. அங்கே வத்தல் மூட்டை உதறுகிற நேரம். தும்மித் தும்மிக் கண் சிவந்து, பேச வந்ததைப் பேச முடியாமல் நின்றவரை அப்பா பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, நாலு மணிக்கு ரேடியோ முன்னால் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், தன்னோடு பேச்சே இல்லை என்றார். நீ வந்து குமிழை மாட்டு, எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்றார்.

நீங்கள் வந்தது அம்மாவுக்காகவா, ரேடியோவுக்காகவா என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். "எனக்கும்தான்" என்றார். அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று தெரிந்தது. மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், ஆட்டம் நின்றுவிட்டது.

"நான் பண்ண வேண்டிய சத்தியத்துக்கு ஊரைக் கூட்டுனீக. இப்ப உங்க முறை. இனிமே கை நீட்ட மாட்டேன்னு இருக்கன்குடியில சூடம் அணைச்சுட்டு வாங்க. மீறிருவோம்னு பயமா இருந்தா வேண்டாம். நான் பண்ணல, நீங்களும் பண்ணாதீக" என்றேன்.

ஆம்பிள்ளையைப் பார்த்து என்ன பேச்சு இது என்று எழுந்தார். காபியைக்கூடக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 4, செவ்வாய்

போகட்டும்.

அக்டோபர் 7, ஞாயிறு

தீபாவளி நெருங்குகிறது. சிவகாசி லாரிகள் இந்தப் பக்கம் நிற்காமல் ஓடுகின்றன. அவர் பிரஸ் லாரி டிரைவர் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு பொட்டலம் கொடுத்தார். பெரியம்மா கொடுக்கச் சொன்னார்கள் என்றார். வாழை இலைக்குள் பாக்குவெட்டி. கூட ஒரு கவுளி வெற்றிலை.

திருகுவதற்கு இங்கே ரேடியோ இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவள் பாக்கை எதை வைத்து வெட்டுவாள்?

அம்மா இப்போது ஒன்றும் சொல்வதில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது. மாடியும் இருக்கிறது, காபி கிளப்பும் இருக்கிறது. ஆனால் சூடம் அணைக்காதவர் வீட்டுக்குப் போக மாட்டேன். இதில் மாற்றம் இல்லை.

அக்டோபர் 19, வெள்ளி

மத்தியானம் வெயிலில் வந்து வாசலில் நின்றார். சட்டையெல்லாம் மணல். உள்ளே வாருங்கள் என்று அம்மா கூப்பிட்டாள். வரவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் போனதும் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கரி. நடுவில் ஒரு கொப்புளம்.

காலையிலேயே இருக்கன்குடிக்குப் போய்விட்டு நேரே இங்கே வருகிறாராம். அத்தையும் கூடப் போனாளாம்.

"என்ன சொல்லி அணைச்சீக?" என்று கேட்டேன்.

நீ சொன்னதைத்தான் என்றார். அதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். தெருவில் ஆள் நடமாட்டம். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இனிமே உன்மேல கை நீட்ட மாட்டேன்" என்றார். மெதுவாகத்தான். ஆனால் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கேட்டிருக்கும்.

கையைக் கழுவி எண்ணெய் தடவினேன். பிறகு முந்தியை அவிழ்த்து, கரி போன அந்தக் கையில் மூன்று குமிழை வைத்தேன். பார்த்தார், இன்னொன்று எங்கே என்றார்.

"அது என்கிட்ட இருக்கட்டும்."

"அப்ப நான் திருச்சி கேக்கணும்னா?"

"என்கிட்ட கேளுங்க. பிடிச்சுத் தாரேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்தார்.

அக்டோபர் 24, புதன். சிவகாசி

தீபாவளி சீசன். லேபிள் தாள் கூடத்தை அடைத்துக் கிடக்கிறது. அவர் மிஷின்மேனோடு சத்தம் போட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து தாள் பொறுக்குகிறார், பாதி தப்பு. பாக்குவெட்டி வெற்றிலைப் பெட்டிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

நாலு மணி ஆனதும் அத்தை தாளைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார்.

முந்தியை அவிழ்த்தேன்.